எனக்குத் தெரியாம எனக்கொரு பிரிவு விருந்து

அக்டோபர் 27, 2009, செவ்வாய்

காலையிலேருந்து மூட்டம். புழுதி. பால்கனியில காயப்போட்ட வித்யாவோட யூனிஃபார்ம் மறுபடியும் துவைக்கணும். அக்டோபர் முடியப் போகுது, இன்னும் ஏசியை அணைக்க முடியலை. என்ன ஊரோ.

செய்ய வேண்டியது: இட்லி அரிசி. இவரு நீலச் சட்டைக்குப் பட்டன். கேஸ்காரனுக்கு போன். வித்யாவுக்கு காம்பஸ் பாக்ஸ், மறுபடியும் தொலைச்சுட்டு வந்து நிக்கிறா.

நாலாவது மாடி கன்னடக்காரங்க காலி பண்றாங்க. அந்த ஆளுக்கு வேலை போச்சு. ரிசஷன் ரிசஷன்னு இந்த வருஷம் பூரா இதே பாட்டு. ஒரு வீடு காலியாகுதுன்னு தெரிஞ்சா போதும், இந்த துபாய் கராமாவுல எல்லாருக்கும் மூக்குல வேர்த்துடும். சோபா எனக்கு, கட்டில் உனக்குன்னு புக்கிங். அவங்க பெட்டி கட்டறதுக்குள்ள வீட்டுல பாதி சாமானுக்குப் பேர் எழுதியாச்சு. மைக்ரோவேவ் நமக்குன்னு நானும் சொல்லி வச்சேன். நான் கேக்காட்டி எதிர்வீட்டுக்காரி கேட்டிருப்பா. அந்தம்மா தலையை ஆட்டிச்சு. கண்ணு வீங்கியிருந்துச்சு, பாவம்.

நமக்கு அந்த பயம் இல்லை. இவரு கம்பெனி பெரிசு. கேட்டா "அதெல்லாம் ஒண்ணுமில்லை, வேலையைப் பாரு"ங்கறாரு. எது எப்படியோ, மார்ச் வரைக்கும் நாங்க இங்கிட்டு அங்கிட்டு அசையக் கூடாது. வித்யாவுக்குப் பத்தாவது போர்டு எக்ஸாம். ரெஜிஸ்ட்ரேஷன் இங்கேதான் ஆயிருக்கு. அவ எழுதி முடிச்சுடட்டும், அதுக்கப்புறம் இந்த ஊரே கடல்ல போனாலும் எனக்கு ஒண்ணுமில்லை.

கிரிஜா போன். வெள்ளிக்கிழமை மத்தியானம் வெளிய சாப்பாடு, அவங்க, நாங்க, உஷா வீடுன்னு மூணு குடும்பமும். எங்கேன்னா ஸ்பானிஷ் ஹோட்டலாம். பர் துபாய்ல ஏதோ சின்ன இடம். நல்லா இருக்கற உடுப்பி ஹோட்டலை விட்டுட்டு எதுக்கு இந்த வேலைன்னு கேட்டேன். "ஒருக்கா வித்தியாசமா போலாமுங்க்கா, வந்துதான் பாருங்களே." எதுக்கு ட்ரீட்? "சும்மாதானுங்க்கா." கோயம்புத்தூர்க்காரி சும்மான்னா சும்மா இல்லை. கல்யாண நாளா இருக்கும். ஏதாவது கிஃப்ட் வாங்கணும்.

அக்டோபர் 28, புதன்

புழுதி இல்லை. வியர்வை.

உஷா வந்தா, பதினோரு மணி வாக்குல, சொல்லாம கொள்ளாம. காபி குடிச்சா. பாத்ரூம் போறேன்னு போனவ வாஷிங் மெஷின் கதவைத் திறந்து மூடிப் பாத்துட்டு வர்றா. "முன்பக்கம் திறக்கறதா? தண்ணி நிறைய இழுக்குமாடி?" எனக்கென்ன தெரியும், நான் என்ன மெஷின் கம்பெனி ஏஜென்டா. அப்புறம் கிச்சனுக்கு வந்து கிரைண்டரைத் தடவினா. தடவினான்னுதான் சொல்லணும், வேற வார்த்தை இல்லை. "சாய்க்கற மாடல் இல்லே? கோயம்புத்தூர்லேருந்து வந்ததுதானே?"

ஆமா. கப்பல் கார்கோவுல. கல்லைத் தனியா துணியில சுத்தி, கஸ்டம்ஸ்காரன் இது என்ன குண்டான்னு கேட்டு, இவரு நடுரோட்டுல நின்னு மாவாட்டறதை ஆக்‌ஷன்ல காட்டிக் கொண்டு வந்த கிரைண்டர். இந்த பில்டிங்ல யாருகிட்டயும் கிடையாது. இரவல் வேணுமான்னு கேட்டேன். "இப்ப வேண்டாம்டி"ன்னு ஒரு மாதிரி சிரிச்சா. சிரிப்பே சரியில்லை.

அவ வீட்டுக்காரரு முரளியும் இவரும் ஒரே கம்பெனி, முரளி ஹெட் ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ், இவரு எஸ்டிமேஷன், கட்டடச் செலவுக்குக் கணக்கு போடற வேலை. முரளிக்கு வேலை எப்படி போகுதுன்னு கேட்டேன். "ஏதோ தப்பிச்சு உக்காந்திருக்காரு"ன்னுட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. எதுக்குப் பிடிக்கிறான்னு புரியலை.

இவரு ஆறரைக்கு வந்தாரு. ஷேக் ஸாயித் ரோட்டுல ஒரே ட்ராஃபிக், தலைவலின்னு படுத்துட்டாரு. இன்னொரு அதிசயம், இப்பல்லாம் டிபன் பாக்ஸைக் கழுவிக் கொண்டுவர்றாரு. கல்யாணமானதுலேருந்து காய்ஞ்சு ஒட்டின சாம்பாரைச் சுரண்டினவ நான். என்ன திடீர்னுன்னா "ஆபீஸ் பாய் கழுவிக் குடுத்தான்"ங்கறாரு. நல்ல பையன். ஒரு நாள் முறுக்கு குடுத்தனுப்பணும்.

கிரிஜாவுக்குக் கல்யாண நாள் கிஃப்ட்: பெட்ஷீட் செட். ரோஸ் கலர்.

அக்டோபர் 30, வெள்ளி

சாயங்காலம். வித்யா இன்னும் ட்யூஷன்லேருந்து வரலை. இவரு பெட்ரூம்ல. நான் கிச்சன் கதவைச் சாத்திக்கிட்டு எழுதறேன். முதல்லேருந்து எழுதணும், இல்லாட்டி நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

ஜும்மா தொழுகை முடிஞ்சு கடை திறக்கற நேரம் போனோம், ட்யூஷன்னு வித்யா வரலை. ஒரு ஹோட்டல் கட்டடத்துக்குக் கீழே, சந்து மாதிரி இடம். விரல் விட்டு எண்ணிடலாம் மேஜையை. சுவத்துல விசிறி, கிடார், நட்டநடுவுல கொம்போட ஒரு மாட்டுத் தலை. வெள்ளிக்கிழமை அதுவுமா மாட்டுத் தலைக்குக் கீழே உக்கார வச்சாங்க. இடம் மாத்திக்கலாம்னேன். மத்த மேஜையெல்லாம் ரிசர்வ்டாம். ஒரு ஈ காக்கை இல்லை உள்ள.

முதல்லயே சொன்னேன், வெள்ளிக்கிழமை நான் கவிச்சி தொட மாட்டேன். இந்த ஊர்ல லீவு நாளே வெள்ளிதான், எல்லாரும் அன்னிக்குத்தான் கறி திங்கறாங்க, அதுக்காக என் விரதத்தை ஞாயித்துக்கிழமைக்கு மாத்த முடியுமா. ஃபிலிப்பினோ பையன் "நோ ப்ராப்ளம் மேம்"னு சிரிச்சான். கொண்டு வந்ததைக் கேக்கணுமே. உள்ளங்கை சைஸ் தட்டு. ஒண்ணுல ஆலிவ் காய். ஒண்ணுல பச்சை மிளகா, எண்ணெயில வதக்கி உப்பு தூவினது. ஒண்ணுல உருளைக்கிழங்கு போட்ட ஆம்லெட், ஆறிக் கிடக்கு, ஆறித்தான் சாப்பிடணுமாம். ஒரு கிண்ணம் தக்காளி சூப், அதுவும் ஜில்லுன்னு. எல்லாமே வெஞ்சனம். சோறு எங்கேன்னு கேட்டா வரும் வரும்ங்கறான்.

அதுவும் ஆளுக்கொரு தட்டு இல்லை. ஒரே தட்டுல எல்லாரும் முள்ளுக்கரண்டியை விட்டுக் குத்தணும். அதுதான் அவங்க வழக்கமாம், பழனிசாமி (கிரிஜா வீட்டுக்காரரு) பெருமையா சொல்றாரு. வாய்க்குள்ள போன முள்ளு மறுபடி தட்டுக்குள்ள. எச்சில்னா என்னன்னே தெரியாத ஜனமா இதுங்க. நான் என் பங்கை ஓரமா ஒதுக்கி எடுத்து வச்சுக்கிட்டேன். உஷா, "இன்னிக்காவது கொஞ்சம் ஃப்ரீயா இருடி"ன்னா. இன்னிக்காவதுன்னா என்ன அர்த்தம்னு அப்பவே யோசிச்சிருக்கணும்.

அப்புறம் பெரிய இரும்புச் சட்டியில மஞ்சச் சோறு. அரிசி பாதிதான் வெந்திருக்கு. நடுவுல இறால் மீசையோட என்னையே பாத்துக்கிட்டு. என் பக்கம் மட்டும் காய்கறியாம். ஒரே சட்டிடா தம்பி, பக்கம் என்ன பக்கம். அடியில கருகிப் போனதைப் பழனிசாமி சுரண்டி சுரண்டி இவரு தட்டுல போடறாரு, அதுதான் ருசியே அதுதான் ருசியேன்னு. நான் அடிபிடிக்க வச்சா மூஞ்சியைத் தூக்கற மனுஷன் அதை மறுபேச்சில்லாம தின்னுட்டு இருந்தாரு. தலையே நிமிரலை.

அப்பத்தான் ஆரம்பிச்சுது.

உஷா: "இங்க பாருங்க, கிரைண்டர் எனக்கு. முதல்லயே சொல்லிட்டேன். அப்புறம் யாரும் சண்டைக்கு வராதீங்க."

முரளி: "டைனிங் டேபிள் எங்க வீட்டுக்குள்ள நுழையுமான்னு அளந்து பாக்கணும்."

நான் சிரிச்சேன். ஏதோ விளையாடறாங்கன்னு. "எடுத்துக்கோங்க, இவரையும் சேத்து எடுத்துக்கோங்க"ன்னு சொன்னேன். நான், என் வாயால.

கிரிஜா மட்டும் சிரிக்கலை. என் பக்கம் சாய்ஞ்சு மெதுவா: "எனக்கு சாமான் எதுவும் வேண்டாமுங்க்கா. நான் வித்யாக் கண்ணைப் புக் பண்ணிட்டேன்."

என்னடி உளர்றேன்னு கேக்க வாயைத் திறந்தேன், அதுக்குள்ள பழனிசாமி மேஜைக்கடியிலேருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து எழுந்து நின்னுட்டாரு. இந்த ஊரை விட்டுப் போறவங்களுக்கெல்லாம் குடுப்பாங்களே, பாய்மரக் கப்பல் வச்ச சுவர்க்கடிகாரம், அது. கீழே தகட்டுல எழுத்து. கணேசன், மல்லிகா, வித்யா. நண்பர்களின் அன்புடன், பிரியாவிடை. "அண்ணன் எங்களுக்கெல்லாம் மூத்தவரு, எங்க போனாலும் நல்லா இருப்பாரு"ன்னு அவரு பேசறாரு. எல்லாரும் கை தட்டறாங்க. நான் கேட்டேன், "யாருக்குங்க பிரியாவிடை?"

கை தட்டல் நின்னு போச்சு.

உஷாதான் வாயைத் திறந்தா. "எங்ககிட்ட எதுக்குடி இன்னும் மறைக்கறே? எல்லாருக்கும் தெரியும். ஆள் குறைக்கற லிஸ்ட்ல அண்ணன் பேரை முரளி அப்பவே பாத்துட்டாரு."

நான் இவரைப் பாத்தேன். இவரு சோத்தைப் பாத்தாரு.

அந்த நேரம் பாத்து ஃபிலிப்பினோ பையன், யார் சொல்லி வச்சாங்களோ, காமிராவைத் தூக்கிக்கிட்டு வந்து "ஒன் டூ த்ரீ, ஸ்மைல்"ங்கறான். எடுத்துட்டான். அந்த ஃபோட்டோவுல என் மூஞ்சி எப்படி இருக்குன்னு நான் பாக்கவே வேண்டாம். பிரின்ட் வந்ததும் கிழிச்சுப் போடச் சொல்லணும்.

பெட்ஷீட் பார்சலை நாற்காலியிலயே வச்சுட்டு வந்துட்டேன். ரோஸ் கலர். வச்சுக்கட்டும், கல்யாண நாளைக்கு விரிச்சுக்கட்டும்.

வித்யா பெல் அடிக்கிறா.

அக்டோபர் 31, சனி

தூங்கலை. காலையில தோசை. யாரும் சரியா சாப்பிடலை.

நேத்து வர்றப்ப கார்ல நடந்ததையும் எழுதிடறேன்.

வேலை எப்போ போச்சுன்னு கேட்டேன். தீபாவளிக்கு முன்னாடியேன்னாரு. அதான் அன்னிக்கு, தீபாவளிக்கு எனக்குச் சட்டை வேண்டாம், இருக்கறதே போதும்னாரு. இந்த மனுஷனுக்கு வரவர கஞ்சத்தனம்னு மதுரைக்கு போன் போட்டு எங்க அக்காகிட்ட சொல்லிச் சிரிச்சேனே. அப்போ தினமும் சட்டை மாட்டி டை கட்டி எங்கேதான் போறீங்க? இன்டர்வியூ இருந்தா அங்கே. இல்லாட்டி அல் கூஸ் பக்கம் ஒரு மண்ணு பார்க்கிங். ஒரு வேப்பமரம் இருக்காம், நிழல் நல்லா இருக்காம். சாப்பாடு? கார்லயே. டிபன் பாக்ஸ்? பள்ளிவாசல் குழாய்ல கழுவிப்பாராம்.

ஆபீஸ் பாய்க்கு முறுக்கு குடுத்தனுப்ப இருந்தேன் நான்.

விடியறதுக்கு முன்னாடி எழுந்து புளியோதரையும் வாழைக்காய் வறுவலும் வச்சு அனுப்பினேன், அதை இந்த மனுஷன் ஒரு மரத்தடியில கார்க்குள்ள தனியா உக்காந்து தின்னுட்டு, ஆறரை மணி ஆகறதுக்காகக் காத்திருந்து, வீட்டுக்கு வந்து ட்ராஃபிக்குன்னு அலுத்துக்கிட்டாரு. ட்ராஃபிக்குன்னு. அதை நினைச்சாத்தான் பத்திக்கிட்டு வருது. கோபத்துல அழுகை வந்துச்சு. அழுகை வந்துச்சேன்னு இன்னும் கோபம்.

ஏன் சொல்லலை? "வித்யா பரீட்சை முடியட்டும்னு பாத்தேன்." கணக்கு போட்டுப் பிழைக்கிற மனுஷன்தானே நீங்க, விசாவைக் கேன்சல் பண்ணினா ஒரு மாசத்துல நாட்டை விட்டுக் கிளம்பணும், கம்பெனி ஃப்ளாட், சாவியைத் திருப்பிக் குடுக்கணும், பரீட்சை மார்ச்ல. இதுல எது எப்படி முடியும்? கல்லுளிமங்கன். "அதுக்குள்ள தோஹாவுல ஒண்ணு அமையும்னு நினைச்சேன்"னு கடைசியில சொன்னாரு. அமைஞ்சுதா? தலையை ஆட்டினாரு, இல்லைன்னு.

நான் என்ன கண்ணாடிச் சாமானா? சொன்னா உடைஞ்சு போயிடுவேனா? எங்கப்பா போனப்ப பாடை கட்ட ஆளனுப்பினதே நான்தான். என்கிட்ட சொல்ல முடியலை, மாட்டுத் தலைக்குக் கீழே எவனோ எடுத்த ஃபோட்டோவுல எனக்குத் தெரியணும்.

வித்யாவைக் கூப்பிட்டு உக்கார வச்சோம். இவரு தொண்டையைக் கனைச்சுக்கிட்டே இருந்தாரு. நானே சொன்னேன். அவ புஸ்தகத்தை மூடக்கூட இல்லை.

"ஐ நோ, மா."

அப்பா சொன்னாரா? "நோ. முன்னாடி ஸ்கூல்லேருந்து போன் பண்ணா அப்பா மீட்டிங்னு கட் பண்ணிடுவாங்க. நௌ ஹி பிக்ஸ் அப் ஆன் த ஃபர்ஸ்ட் ரிங்."

இவரு எழுந்து பால்கனிக்குப் போயிட்டாரு.

பதினஞ்சு வயசுப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. கூடவே படுத்து எழுந்திருக்கற எனக்குத் தெரியலை. யாரைக் குத்தம் சொல்றது. எல்லாரையும்தான் சொல்லப் போறேன்.

மறக்காம: நாலாவது மாடிக்குப் போய் மைக்ரோவேவ் வேண்டாம்னு சொல்ல.

நவம்பர் 1, ஞாயிறு

காத்து கொஞ்சம் குளிர்ச்சி. இன்னிக்கு இவரு டை கட்டலை. லுங்கியோட ஹால்ல உக்காந்து ஒரே பேப்பரைத் திருப்பித் திருப்பி. பகல்ல ஆம்பளை வீட்டுல இருந்தா வீடே சின்னதா தெரியுது. டீ கேக்கக்கூட பயப்படறாரு. குடுத்தேன். பேசலை.

உஷா மெசேஜ்: சாரி டி. கிரைண்டர் வேண்டாம். பதில் போடலை. வேண்டாம்னா விட்டுடுவேனா, அதை நான் கடல்ல போட்டாலும் அவளுக்குக் குடுக்க மாட்டேன்.

பத்து மணிக்குக் கிரிஜா. கதவுச் சங்கிலியை எடுக்காம பேசினேன். கையில ஒரு தூக்கு. கண்ணெல்லாம் சிவப்பு.

"நாங்க தப்பா நினைச்சுப் போட்டோமுங்க்கா. உங்களுக்குத் தெரியும், கௌரவத்துக்கு வெளிய சொல்லாம இருக்கீங்கன்னு நினைச்சோம். நீங்களா ஆரம்பிக்க சங்கடப்படுவீங்க, நாமளே சிரிச்சுப் பேசிட்டா உங்களுக்கு சுளுவா இருக்கும்னு..."

"சுளுவாத்தான் இருந்துச்சு. ரொம்ப சுளுவா இருந்துச்சு."

"அண்ணன் உங்ககிட்ட சொல்லலைன்னு சத்தியமா தெரியாதுங்க்கா."

"தெரிஞ்சுக்கிட்டே இல்லே. கிளம்பு."

"வித்யாவை நான் விளையாட்டுக்குச் சொல்லலீங்க்கா. எங்க வீட்டு சின்ன ரூம் சும்மாதான் கிடக்குது, பரீட்சை வரைக்கும் இருக்கட்டும். உஷாக்கா சாமான் பேச்சு எடுத்தவுடனே எனக்கு வேற எப்படி சொல்றதுன்னு தெரியலை, அதான் புக் பண்ணிட்டேன்னு..."

சாத்திட்டேன். முகத்துக்கு நேரா. கொஞ்ச நேரம் அங்கேயே நின்னா, செருப்புச் சத்தம் போகவே இல்லை. அப்புறம் போச்சு. தூக்கை வாசல்லயே வச்சுட்டுப் போயிட்டா. திறந்து பாக்கலை. வித்யா எடுத்துட்டு வந்து உள்ள வச்சா.

என் பொண்ணை இன்னொரு வீட்டுல விடறதா. அவளுக்கு நான் செத்தா போயிட்டேன். இவளும் கட்டில் கேட்ட மாதிரி கேக்கறா.

தூக்குல அரிசிம்பருப்புச் சோறு. இவரும் வித்யாவும் சாப்பிட்டாங்க. நான் தொடலை.

நவம்பர் 2, திங்கள்

ஸ்கூல் ஆபீஸ். நான் மட்டும் போனேன், இவரைக் கார்லயே இருங்கன்னுட்டேன். கார்ல உக்காந்து பழக்கம்தானே.

வராந்தாவுல இன்னும் ரெண்டு மூணு அம்மாங்க. ஒருத்தரை ஒருத்தர் பாக்கலை. எல்லாருக்கும் ஒரே விஷயம்தான்னு பாத்தாலே தெரியுது. உள்ளே இருந்த மலையாளம்மா நல்ல மாதிரி. ஊர்ல எந்த ஸ்கூலுக்கும் இப்போ மாத்த முடியாது, ரெஜிஸ்ட்ரேஷன் இங்கே, பரீட்சையும் இங்கேதான். இல்லாட்டி ஒரு வருஷம் போகும். விசிட் விசாவுல இருந்து எழுதலாம், நிறைய குட்டிகள் அப்படித்தான், கவலைப்படாதீங்க மேடம். ஆனா லோக்கல் கார்டியன் வேணும், இங்கேயே இருந்து பொறுப்பெடுத்துக்கற ஆளு. யாருன்னு முடிவு பண்ணி இந்த வாரத்துக்குள்ள அவங்களை நேர்ல கூட்டிட்டு வரணும்.

வித்யா ஒரு வருஷத்தை விடறதா? கூடாது. அவ ராத்திரி பகலா முட்டி மோதிப் படிக்கிறதைப் பாத்துக்கிட்டு இருக்கேன். அப்பன் வேலை போனதுக்கு அவ ஏன் ஒரு வருஷம் குடுக்கணும்.

வரும்போது இவருகிட்ட கேட்டேன், விசிட் விசாவை யார் எடுத்துக் குடுப்பா. பழனிசாமி அவங்க கம்பெனி மூலமா எடுக்கறேன்னு சொல்லியிருக்காராம். ஒண்ணுதான் எடுக்க முடியுமாம். எனக்கும் சேத்து கேட்டாராம், முடியாதுன்னுட்டாங்களாம். எப்போ சொன்னாரு? "அன்னிக்கு ஹோட்டல்லேருந்து வெளிய வர்றப்ப." அப்போ அந்த நிமிஷத்துலயும் என்னைத் தவிர எல்லாரும் பேசி முடிச்சிருக்காங்க. நல்லா இருக்கு. நல்லாவே இருக்கு.

யோசிச்சேன், வேற யார் இருக்கான்னு. ஷார்ஜாவுல எங்க சித்தப்பா பையன்: பெட் ஸ்பேஸ்ல இருக்கான், ஒரு ரூம்ல அடுக்குக் கட்டில் போட்டு ஆம்பளைப் பசங்க. உஷா: ஒரே பெட்ரூம், மாமனார் மாமியார் வேற வந்து உக்காந்திருக்காங்க. பேசக்கூடாதுன்னு இருக்கேன் அது வேற விஷயம். பாட்டு டீச்சர்: அவங்களே டிசம்பர்ல கிளம்பறாங்க. அவ்வளவுதான். எத்தனையோ வருஷமா இந்த ஊர்ல இருக்கோம், எத்தனை பேருக்குப் பொங்கலும் வடையும் போட்டிருக்கேன், கடைசியில ஒரு பொண்ணை விட்டுட்டுப் போக அவ்வளவு பேர்தான்.

சாயங்காலம் இவரு, "நான் பழனிசாமிகிட்ட பேசறேன்"னு ஆரம்பிச்சாரு. நீங்க பேசாம இருந்து கிழிச்சதும் போதும், பேசிக் கிழிக்கப் போறதும் போதும்னேன். சத்தமா சொல்லிட்டேன். வித்யா ரூம் கதவை மூடினா. இவரு கிச்சன் வாசல்ல வந்து நின்னு, "உன்னைப் பாக்க தைரியம் இல்லாமத்தான் அந்த மரத்தடியில உக்காந்திருந்தேன் மல்லிகா"ன்னாரு. அதுக்கும் நான் பதில் சொல்லலை. ஆனா கேட்டுச்சு.

நவம்பர் 3, செவ்வாய்

மேகம். மழை வர்ற மாதிரி காட்டிட்டு வராத மேகம்.

இவரு இன்னிக்கு ஒரு இன்டர்வியூ. நீலச் சட்டை. பட்டன் தைச்சுக் குடுத்தேன். டிபன் பாக்ஸ்ல லெமன் சாதம். எங்கே சாப்பிடுவீங்கன்னு கேக்கலை, மத்தியானம் வீட்டுக்கு வந்துடுங்கன்னேன். அப்போ டிபன் பாக்ஸ் எதுக்குன்னு ரெண்டு பேருக்குமே தோணலை. வாங்கிட்டுப் போயிட்டாரு.

காலை பூரா ஒரு வேலையும் ஓடலை. அலமாரியைத் துடைச்சேன். துடைச்ச அலமாரியை மறுபடி துடைச்சேன். போனை எடுத்தேன், வச்சேன். ரிங் போகறதுக்குள்ள கட் பண்ணினேன், ரெண்டு தடவை. முகத்துக்கு நேரா கதவைச் சாத்தினவ நான். இப்போ நானே கூப்பிட்டு என்னன்னு பேசறது. மன்னிச்சுக்கோன்னு சொல்ல மாட்டேன். நான் என்ன தப்பு பண்ணினேன், யாரு என்ன தப்பு பண்ணினாங்கன்னு ஊருக்கே தெரியும். நன்றின்னும் வாய் வராது. அந்தக் கடிகாரத்தை நினைச்சா இன்னும் எரியுது.

வித்யா ஸ்கூல்லேருந்து வந்து யூனிஃபார்மைக் கூட மாத்தாம சோஷியல் புஸ்தகத்தை எடுத்துக்கிட்டு உக்காந்தா. தலையில எண்ணெய் இல்லை, ரெண்டு நாளா நான் பின்னி விடலை. அவளாவே ஏதோ பின்னியிருக்கா, வகிடு கோணலா. அதைப் பாத்துக்கிட்டே நம்பரை அழுத்தினேன்.

"அக்கா?" கிரிஜா.

எத்தனையோ சொல்ல நினைச்சு வச்சிருந்தேன். வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்:

"வித்யாவுக்குக் கத்தரிக்காய் ஆகாது. உடம்பு பூரா தடிச்சுப் போகும்."

அழறான்னு நினைக்கிறேன். மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "இருங்க்கா, பேனா எடுத்துக்கறேன்"னா.

எடுத்துக்கோன்னேன். நிறைய இருக்கு.